கூரையில் எறிந்த பல் செல்லாது

சீதாவின் முன்பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிந்தவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளின் பல்லும் அங்கேதான் போகும். சும்மா எறிந்தால் தகரத்தில் உருண்டு கீழே வந்துவிடும், சாணியோடு எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், புதுப்பல் ஒழுங்காக முளைக்கும். என் பல்லை என் அப்பா அப்படித்தான் எறிந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மகள் பல்லை நான் எறிந்ததற்கு மட்டும் ‘ஆய்வுப் பொருளை அப்புறப்படுத்தியவர்’ என்று என் பேரைச் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள்.

நான் சிங்காரம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நிற்பவன். பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றதால், நான் வாயைத் திறந்தாலே சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று என் மனைவி மோகனா சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஏழு வயது.

நாலு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி. சோற்றைப் பார்த்தால் ஓடுவாள். தமிழ்ப்பள்ளியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். வருஷ ஆரம்பத்தில் ‘சீதா’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்த பிள்ளை, இப்போது ‘சீ’யோடு நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே டவுன் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த சின்ன டாக்டர் விவரமானவர். வீடு எப்படி இருக்கும் என்று கேட்டார். ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். கூரைச் சிவப்புப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறதா, அந்தக் கூரைத் தண்ணீரையா பிடித்துக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேலே காய்கறித் தோட்டம் போட்டவன் எங்கள் மலைத்தண்ணீர்ப் பைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. மழைத்தண்ணீர்தான்.

“ஈயமா இருக்கலாம்ண்ணே. ரத்தம் எடுத்துப் பாத்தா ஒரு நாள்ல தெரிஞ்சிடும். இருந்தா மருந்து இருக்கு, எறக்கிடலாம்” என்றார்.

நான் சீதாவின் கையை நீட்டினேன். அவர் எடுத்த ஊசியைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

“ஆனா ஈயம் சம்பந்தப்பட்டது எல்லாம் இப்ப பால்பல் வாரியத்துக்குக் கீழ போயிடுச்சி. அவங்க கடுதாசி இல்லாம நான் ஊசியத் தொட முடியாதுலா. தொட்டா என் வேல போயிடும்.”

இப்படித்தான் மலைநாட்டுப் பால்பல் ஆய்வு வாரியம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தது. கோலா தெர்லாவில் ஓர் உரக்கடைக்கு மேல் அதன் ஆபீஸ். நான் கடுதாசிக்கு அலைய வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வாரமே அவர்களே வேன் எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். வாரியத்தின் தலைவர் டாக்டர் அமிர்தலிங்கம் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அதிகாரி வரலட்சுமி, ஒரு கையில் தொடுதிரை டேப், ஒரு கையில் இடுக்கி. எங்கள் தோட்ட ஆபீஸ் கிராணி திருச்செல்வம் யாரோ மாப்பிள்ளை வந்த மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

“பால்பல்ல சாதாரணமா நெனைக்காதீங்க” என்றார் டாக்டர். “மரத்துல வளையம் இருக்கற மாதிரி, பல்லுக்குள்ள ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு இருக்கு. பிள்ளை வயித்துல இருந்தப்ப எவ்வளவு ஈயம், பொறந்த அன்னிக்கு எவ்வளவு, தவழ்ந்தப்ப எவ்வளவு, அத்தனையும் லேசர் வெச்சிப் படிச்சிடுவோம். உலகமே நம்ம பல்லுக்காகக் காத்திருக்கு.”

நான் கை தூக்கினேன். “டாக்டர், இப்ப எவ்வளவுன்னு தெரியுமா?”

“இப்பன்னா?”

“இன்னிக்கு. எம்மவ ஒடம்புல.”

அவர் சிரித்தார். என்ன வரிசையான பல், பார்க்கவே பொறாமையாக இருந்தது. “இன்னிக்குங்கறது எங்க வாரியத்துல வராதுங்க. நாங்க கடந்த காலத்துக்கு மட்டும்தான் பொறுப்பு.”

கிராணி முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். என்னத்துக்கு என்று தெரியாமல் நானும் தட்டித் தொலைத்தேன்.

விதி இதுதான். பிள்ளையின் பால்பல் தானாக விழ வேண்டும். அதை வாரியப் பையில் போட்டுக் கொடுத்தால், முடிவோடு கடுதாசி வரும். அந்தக் கடுதாசியைக் காட்டி ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். வரலட்சுமி சீதாவின் வாயைத் திறந்து ஓட்டையைப் பார்த்தார். “இந்தப் பல்லு எங்க?” என்றார். கூரைமேல என்றேன். அப்போதுதான் சிவப்பு மை. பிறகு பக்கத்துப் பல்லை விரலால் ஆட்டிப் பார்த்து, “ஆட்டம்: லேசு” என்று டேப்பில் அடித்தார்.

“இது விழுந்ததும் கொண்டாங்க. மூணு மாசம் ஆகலாம்.”

“மூணு மாசத்துல அது எம்பேரையும் மறந்துடும்மா.”

“மறதிக்கு வேற காலம் இருக்குங்க” என்றார். நான் காலம் என்றால் நேரம் என்று நினைத்தேன். அது இங்கிலீஷ் ‘காலம்’, டேப்பில் கட்டம் கட்டமாக இருப்பதைச் சொல்கிறாராம்.

பிரச்சினை செவ்வாய்க்கிழமை முற்றியது. லேசர் மெஷின் வெள்ளிக்கிழமைக்குப் பதிவாகிவிட்டது, நாற்பது பல் இல்லாமல் அதை ஓட்ட மாட்டார்கள், கையில் இருப்பது பதினொன்று. கோயில் ஒலிபெருக்கியில் கிராணி அறிவித்தார்: பல் கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கால்பந்து, ‘பல் மாவீரர்’ என்று எழுதிய ஒரு பட்டை. சொல்லி முடிப்பதற்குள் திடலில் சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தனேசும் தினேஸ்வரனும் எதிர் எதிராக நின்றார்கள். இரண்டும் பள்ளியில் இரண்டாம் ஆண்டு, பிறந்ததிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிற பயல்கள்.

“மொதல்ல நீ என்னைய அடி. அப்பறம் நான் உன்னைய.”

“வாயத் தொறந்து வைடா. இல்லாட்டி ஒதடு கிழியும்.”

தினேஸ்வரன் கையை மடக்கி விட்ட குத்தில் தனேஸ் மல்லாந்து விழுந்தான். எழுந்து துப்பினான். ரத்தத்தோடு ஒரு பல். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த நிமிஷம் திடல் முழுக்கப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மொத்திக்கொண்டிருந்தார்கள். வரலட்சுமி இடுக்கியோடு நடுவில் ஓடினார். “தொடைக்காதீங்க, தொடைக்காதீங்க! எச்சி போயிடும்!” என்று அலறினார். நான் இரண்டு பயல்களைப் பிடரியில் பிடித்து இழுத்தேன். ஒருவன் என் முழங்காலில் உதைத்துவிட்டுத் திரும்ப ஓடினான். அதற்குள் இரண்டு தாய்மார்கள் சேற்றில் கிடந்த ஒரே பல்லுக்கு, என் மகனுடையது, உன் மகனுடையது என்று தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் அமிர்தலிங்கம் குடை பிடித்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

“இது என்னா அநியாயம் டாக்டர்? நிறுத்தச் சொல்லுங்க” என்றேன்.

“வன்முறைய வாரியம் ஆதரிக்கலைங்க. ஆனா கெடைக்கற பல்ல வேணாம்னு சொல்ற உரிமையும் எங்களுக்கு இல்ல.” வரலட்சுமி பக்கம் திரும்பினார். “எப்படி விழுந்ததுங்கற எடத்துல ‘விளையாட்டு’ன்னு போடுங்க.”

வியாழக்கிழமைக்குள் முப்பத்தேழு பல் சேர்ந்துவிட்டது. கிராணியே தன் மகன் பல்லில் நூல் கட்டி, மறுமுனையை லோரிக் கதவில் கட்டினாராம். கதவைச் சாத்துவதற்குப் பதில் டிரைவர் லோரியை எடுத்துவிட்டார். ஆடின பல்லோடு ஆடாத பல்லும் வந்துவிட்டது. பையன் முகம் பூசணிக்காய். கிராணி அதை இரண்டு பையில் போட்டுக் கொடுத்து இரண்டு பந்து வாங்கிக்கொண்டார்.

நான் என் பிள்ளையை அடிக்கமாட்டேன். ஆனால் கடுதாசி வேண்டும். அன்று காலையில் அவள் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தாள். மோகனா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சரி, எறிந்த பல்லையே எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்று ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறினேன்.

மேலே தவழ்ந்து போனேன். பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது. சாணி உருண்டைகள் காய்ந்து வரிசையாக இருந்தன. எங்கள் வீட்டு உருண்டை புதிது, ஓரத்தில் இருந்தது. உடைத்தேன். உள்ளே என் பிள்ளையின் முன்பல், அரிசி மாதிரி. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்று சொன்னால் என்ன கெட்டுவிடப் போகிறது, அழுதேன்.

இறங்கின வேகத்தில் மண்டபத்துக்கு ஓடினேன். வரலட்சுமி பல்லை வாங்கவில்லை. என் கையைப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார்.

“இது கூரையில கெடந்த பல்லுங்களா?” என்றார் டாக்டர்.

“ஆமாங்க.”

“செல்லாது. கூரைப் பெயிண்ட்ல ஈயம் இருக்கு. அது பல்லுல ஒட்டியிருக்கும். இந்தப் பல்லு கெட்டுப்போச்சு.”

“கூரையில ஈயம் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். மொத நாளே சுரண்டிப் பாத்துட்டோம். அதனாலதான கூரையில கெடந்த பல்ல வாங்கறதில்லன்னு விதி வெச்சிருக்கோம்.”

“ரெண்டு வாரம் அந்தக் கூரையில கெடந்த பல்லு கெட்டுப்போச்சு. மூணு வருஷமா அந்தக் கூரைத் தண்ணியக் குடிக்கற புள்ள?”

“அது தண்ணீர்ப் பிரிவுங்க” என்றார் டாக்டர் பொறுமையாக. “பல்லோட தூய்மைதான் எங்களுக்கு முக்கியம்.”

அடித்தேன். வேறு என்ன செய்வான் மனுஷன்? கண் மண் தெரியாமல் மூக்கில் ஒரு குத்து, மாலையைப் பிடித்து இழுத்து இன்னொரு குத்து. மேஜை சாய்ந்தது, பல் பைகள் சிதறின. டாக்டர் கீழே கிடந்தபடியே, மூக்கிலிருந்து ரத்தம் வழிய, கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்:

“வரலட்சுமி, எழுதிக்கோங்க. தகப்பன், முப்பத்தெட்டு வயசு இருக்கும். முன்கோபம், கை நீட்டுதல். ஈயத்தோட அறிகுறி. ரொம்பத் தெளிவா இருக்கு.”

நான் வாரியத்தைத் திட்டிய கெட்ட வார்த்தைகளையும் வரலட்சுமி ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தைக்கு எழுத்து சரியா என்று என்னையே கேட்டார். அதற்குள் வேனோடு வந்த இரண்டு காவலாளிகள் என்னைப் பிடித்து மண்டபச் சுவரில் மோதினார்கள். ஒருவன் பிடித்துக்கொள்ள ஒருவன் குத்தினான். எத்தனை குத்து என்று தெரியாது. வாயெல்லாம் உப்பு. துப்பினேன், என் பல் ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்தது.

“இந்தாங்கய்யா பல்லு. எடுத்துக்கிட்டுக் கடுதாசி குடுங்க” என்றேன்.

வரலட்சுமி குனிந்து பார்த்தார். “இது நிரந்தரப் பல்லுங்க. தகுதி இல்ல” என்றார்.

டாக்டர் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் தேனாக ஒழுகியது. “சிங்காரம், எனக்கு ஒங்க மேல வருத்தமே இல்ல. நாளைக்கு மெஷின் ஓடணும், மூணு பல்லு குறையுது. ஒங்க பிள்ளைக்கு ஆடற பல்லு ஒண்ணு இருக்கு. வாரியமே உதவி பண்ணும். நீங்க சும்மா புடிச்சிக்கிட்டாப் போதும். கடுதாசி நிச்சயம்.”

நான் பிடித்துக்கொண்டேன். மோகனா மண்டபத்துக்குத் தூக்கி வந்த சீதாவை மடியில் உட்காரவைத்து, அவளுடைய இரண்டு கைகளையும் என் கைக்குள் அடக்கி, தலையை என் மார்போடு அழுத்தினேன். அப்பா வேணாம்ப்பா, வேணாம்ப்பா என்றாள். மோகனா வெளியே ஓடிவிட்டாள். ஊசியும் இல்லை, மரப்பு மருந்தும் இல்லை. மருந்து பல்லில் கலந்துவிடுமாம். இடுக்கி உள்ளே போனது. அந்தப் பல் லேசாகத்தான் ஆடியது என்று அவர்கள் டேப்பிலேயே இருக்கிறது. டாக்டர் முறுக்கினார். சீதா போட்ட கத்தலில் வெளியே நின்ற நாய் ஓடியது. மூன்றாவது முறுக்கில் வந்தது. பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அடடா, வேரோட வந்திருக்கு. அருமை” என்றார். என் பிள்ளை என் சட்டை முழுக்க ரத்தமாக்கிவிட்டு, அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவே இல்லை.

ஆறு வாரம் கழித்துக் கடுதாசி வந்தது. மோகனா சத்தமாகப் படித்தாள்.

‘தங்கள் மகள் சீதாவின் பல் மிகச் சிறந்த தரத்தில் உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கருவில் ஈயம்: குறைவு. முதல் மூன்று ஆண்டுகள்: மிதம். நான்காம் வயதிலிருந்து: வரைபடத்தில் இடம் போதவில்லை. ஆரம்ப காலம் முடிந்துவிட்டதால் அதனை மாற்ற இயலாது. எனவே நடவடிக்கை எதுவும் தேவையில்லை. இவர் தொடர் ஆய்வுக்குத் தேர்வாகியிருப்பதால், பத்து வயது வரை ரத்தப் பரிசோதனையோ சிகிச்சையோ அளித்து ஆய்வின் தூய்மையைக் கெடுக்க வேண்டாம். கூரையையும் மாற்ற வேண்டாம். ஒத்துழைப்புக்கு நன்றி.’

மோகனா படித்து முடித்துவிட்டுக் கடுதாசியை மடித்தாள். “பிள்ளையக் கொல்றதுக்கு நன்றி சொல்லியிருக்கானுங்க” என்றாள்.

நான் கோடரியை எடுத்தேன். தண்ணீர் டிரம்மைப் பிளந்தேன். கூரைத் தண்ணீர் இறங்கும் பீலியைப் பிடுங்கி வளைத்து வாசலில் எறிந்தேன். முதல் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது கிராணி ஃபோன் பண்ணிவிட்டார் போல, ஒரு மணி நேரத்தில் வாரிய வேன் வந்துவிட்டது. டாக்டர் அமிர்தலிங்கம் இறங்கி, மூக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு, தூரத்தில் நின்றே சொன்னார்:

“வரலட்சுமி, எழுதிக்கோங்க. அறிகுறி முத்திடுச்சி. ஆய்வுச் சூழலச் சேதப்படுத்தறாரு.” காவலாளிகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்கள் என்னைக் கீழே இழுத்துப்போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

முகம் மண்ணில் புதைந்திருந்தது. ஒரு கண்ணால்தான் பார்த்தேன். டாக்டர் வாசற்படியில் நின்ற சீதாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “பாப்பா, ஆ காட்டு. அடுத்த பல்லு ஆடுதான்னு பாப்போம்” என்றார். மோகனா நடுவில் வரவில்லை. ஏன் சும்மா நிற்கிறாள் என்று எனக்கு அவள்மேல் கொலைவெறி வந்தது. சீதா ஆ காட்டினாள். டாக்டர் விரலை உள்ளே விட்டார்.

கடித்தாள். புதிதாக முளைத்த முன்பல்லும், கடைவாயும் சேர்த்துக் கடித்தாள். டாக்டர் போட்ட கூச்சல் கம்போங் ராஜா டவுன்வரைக்கும் கேட்டிருக்கும். அவள் விடவில்லை. வரலட்சுமி அவள் மூக்கை அடைத்துப் பார்த்தார், கன்னத்தில் அறைந்து பார்த்தார். கடைசியில் விட்டபோது விரல் எலும்பு தெரிந்தது. காவலாளிகள் என்னை விட்டுவிட்டு ஓடி வந்து அவரைத் தாங்கிக்கொண்டார்கள்.

“ஐயோ ரத்தம்! என் ரத்தம்! இந்தப் பிள்ளைக்கு என்ன நோய் இருக்கோ!” டாக்டர் அழுதார். “ஒடனே டெஸ்ட் பண்ணணும்! இன்னிக்கே பண்ணணும்!”

வரலட்சுமி டேப்பைத் தட்டி வாரிய விதி எழுபத்தொன்றை எடுத்தார். அதிகாரியின் உடலில் கடி பட்டால், அவருடைய பாதுகாப்பை முன்னிட்டு, கடித்தவரின் ரத்தம் தாமதமின்றி முழுமையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். கடுதாசி தேவையில்லை.

ஒரே வேனில் போனோம். டாக்டர் முன்னால் துண்டைச் சுற்றிக்கொண்டு முனகினார். நாங்கள் மூவரும் பின்னால். பள்ளி விடுமுறை, கியா பார்ம் சந்தை ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் கண்ணாடி வழியாக எங்களை எட்டிப் பார்த்தார்கள். “ஹாரன அடிங்கய்யா, எனக்கு விஷம் ஏறுது!” என்று டாக்டர் கத்திக்கொண்டே வந்தார். அவரைவிட அதிகமாகக் கத்தி, ஜன்னலைத் திறந்து முன்னால் நின்றவனை எல்லாம் திட்டி, வழி வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் என் பிள்ளையின் ரத்தத்தை ஒரே குத்தில் எடுத்தார்கள். அவள் சிணுங்கக்கூட இல்லை. மறுநாள் முடிவு வந்தது. அதைப் படித்த டாக்டரம்மா முகம் மாறி, “எத்தன மாசமா இப்படி? ஏன் முன்னமே கொண்டுவரல?” என்று என்மேல் எரிந்து விழுந்தார். திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு திட்டினாலும் நிற்பேன். அன்றைக்கே கட்டில் கொடுத்து, ஈயத்தை இறக்கும் மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு மறந்துபோன எழுத்து எல்லாம் திரும்பி வருமா என்று கேட்டேன். “பாக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

“நீ ஏன்டி அன்னிக்கு நடுவுல வரல?” என்று மோகனாவைக் கேட்டேன்.

“நான்தான் கடிக்கச் சொன்னேன்” என்றாள். “அவன் வேன விட்டு எறங்கும்போதே சொல்லிட்டேன். ஆத்தரத்துல சொன்னது. இப்படி ஒரு விதி இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்.”

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். லயத்துப் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போட்டு வெகுநேரம் பேசினாள். ‘விதி எழுபத்தொன்று’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் வாரிய வேன் எங்கள் தோட்டத்துக்குத் திரும்ப வந்தது. டாக்டர் அமிர்தலிங்கத்துக்குக் கை ஆறவில்லையாம், வேறு ஒருவர் வந்தார். அவர் இறங்கிப் பெயர்ப்பட்டியலை விரிப்பதற்குள், யாரும் கூப்பிடாமலே, லயத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் அவர் முன்னால் வரிசையில் வந்து நின்று வாயைத் திறந்தார்கள்.